வட்டார மட்டத்தில் பயிற்சி: மண்டபச் செயலமர்வைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி
எழுதியவர்: முகத்துவாரம் சங்கச் செயலாளர்

அன்புடையீர்,

கொழும்பு வடக்கில், முகத்துவாரத்துக்கும் மட்டக்குளிக்கும் இடையே அமைந்த மூன்று தோட்டங்களில் இயங்கும் சிறியதொரு மகளிர் சங்கத்துக்கு ஐந்து ஆண்டுகளாகச் செயலாளராக இருந்து வருகிறேன். தோட்டம் என்று நான் சொல்வது தேயிலைத் தோட்டத்தை அன்று. நெருக்கமான வரிசை வீடுகளைக் கொண்ட நகரக் குடியிருப்புகளைக் கொழும்பில் அப்படித்தான் அழைக்கிறோம் என்பதை வெளியூர் அன்பர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

எங்கள் சங்கத்துக்கு ஒன்றரை ஆண்டுக் காலத்துக்கான சிறு உதவித்தொகை ஒன்று கிடைத்திருக்கிறது. குடியிருப்பாளர்களுக்கும், வட்டாரத்துக்குப் பொறுப்பான மாநகர சபை உத்தியோகத்தர்களுக்கும் சேர்த்து ‘இயலளவு விருத்தி’, அதாவது திறன் வளர்ப்பு, செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிதி வழங்குவோர் அனுப்பிய மாதிரித் திட்டத்தில் இரண்டு நாள் செயலமர்வுகள் மூன்றும், பயிற்சியளிக்க வரும் வளவாளர்களுக்கான கொடுப்பனவும், இறுதியில் சான்றிதழ் வழங்கும் வைபவமும் இடம்பெற்றுள்ளன. அந்த மாதிரியை அப்படியே நிரப்பி அனுப்பிவிட்டால் எவரும் எங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் என் மனம் அதற்கு ஒப்பவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு செயலமர்வுக்கு எங்கள் தோட்டங்களிலிருந்து 26 பெண்கள் சென்றோம். குளிரூட்டிய மண்டபம், மதிய உணவு, ஆளுக்கொரு கோப்புறை என எல்லாம் குறைவின்றி நடந்தன. விரிவுரைகள் சிங்களத்தில் இருந்தன. பின் வரிசையில் அமர்ந்த ஓர் இளம்பெண் எங்களுக்காக மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், இரண்டாம் நாள் பிற்பகலில் அவருடைய தொண்டை கட்டிவிட்டது. ‘பங்கேற்பு’, ‘நிலைபேறு’, ‘நல்லாட்சி’ ஆகிய சொற்களுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டு, சான்றிதழ்களுடன் திரும்பினோம். அடுத்த வாரம் பெய்த மழையில் எங்கள் ஒழுங்கையின் வடிகான் நிரம்பி நான்கு வீடுகளுக்குள் கழிவு நீர் புகுந்தது. 26 சான்றிதழ்கள் இருந்த அந்தத் தோட்டத்தில், எந்த அலுவலகத்துக்கு, யாருடைய பெயருக்கு, என்ன விபரங்களுடன் கடிதம் எழுத வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிரதேச செயலகத்துக்கு எழுதினோம். அது மாநகர சபையின் விடயம் என்று மூன்று மாதங்களின் பின் பதில் வந்தது. பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது, மாநகர சபை நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வது என்ற வேறுபாட்டை அன்றுதான், அதுவும் ஒரு மறுப்புக் கடிதத்திலிருந்து, நான் கற்றுக்கொண்டேன்.

அதே பிழையை என் கையால் மீண்டும் செய்ய எனக்கு விருப்பமில்லை. முதலில் எதைக் கற்க வேண்டும்? உத்தியோகத்தர்களையும் குடியிருப்பாளர்களையும் ஒன்றாக அமர்த்துவதா, தனித்தனியாகவா? கற்றது நிலைத்திருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர், தெஹிவளை

சகோதரிக்கு வணக்கம். மேல் மாகாணத்தின் மூன்று உள்ளூராட்சி மன்றங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்துவிட்டு எழுதுகிறேன். நான் பங்குபற்றிய செயலமர்வுகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் பயனுள்ளவை என்று இன்று என் நினைவில் நிற்பவை எல்லாம், மறுநாள் என் மேசையில் செய்து முடிக்க வேண்டியிருந்த ஒரு வேலையைப் பற்றியவை. ஆகவே உங்கள் ஒன்றரை ஆண்டையும் சபையின் வேலை நாட்காட்டியோடு பிணைத்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் டிசம்பர் முடிவதற்குள் சபையில் நிறைவேற வேண்டும். அதற்கான முன்மொழிவுகள் அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே திணைக்களங்களில் திரட்டப்படுகின்றன. செப்டெம்பரில் ஒரு தோட்டத்து மக்கள் ஒழுங்காக எழுதிய ஒரு முன்மொழிவைக் கையளித்தால் அதற்கு ஓர் இடமுண்டு. அதே தாளை ஜனவரியில் கொண்டுவந்தால், எவ்வளவு நல்லெண்ணமுள்ள உத்தியோகத்தராக இருந்தாலும் ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்றுதான் சொல்ல முடியும். நான் பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய முகங்கள் இன்னும் நினைவிலிருக்கின்றன.

முதலில் எதைக் கற்பது என்று கேட்டீர்கள். எது யாருடையது என்பதை. இது எளிதாகத் தோன்றும். ஆனால் கொழும்பில் ஒரே ஒழுங்கைக்குப் பல உரிமையாளர்கள் இருப்பார்கள். ஒழுங்கையும் அதன் சிறு வடிகானும் மாநகர சபைக்குரியவை. அது சென்று சேரும் பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியதாக இருக்கக்கூடும். குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது. ஆனால், பெயரில் வடிகாலமைப்பு இருந்தாலும், நகர எல்லைக்குள் கழிவுநீர்க் குழாய்களைப் பார்ப்பது மாநகர சபை. பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் உள்ளன. வீடு நிற்கும் நிலமோ நகர அபிவிருத்தி அதிகார சபையின் பெயரிலோ, தேசிய வீடமைப்பு அதிகார சபையின் பெயரிலோ இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய தாளில் உங்கள் தோட்டத்தை வரைந்து, ஒவ்வொரு குழாய்க்கும் மூடிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் உரிமையாளரின் பெயரை எழுதிப் பாருங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளே உங்கள் பாடத்திட்டம்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை: ஒன்றாக, ஆனால் மண்டபத்தில் வேண்டாம், ஒழுங்கையில். நான் கடைசியாகப் பணியாற்றிய சபையில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு ஒழுங்கையில் புதிதாகக் கட்டிய வடிகானில் நீர் தேங்குகிறது என்று பெண்கள் முறையிட்டார்கள். மதிப்பீட்டறிக்கையின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இளைஞர், பொறுமைசாலி. அவர் கோப்பை மூடிவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்திக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே அங்கே சென்றார். மேசன்மார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே குழாய்தான். அதில் வளிக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு பெண்ணிடமும் மறுமுனையை நாற்பது அடி தள்ளி நின்ற இன்னொருவரிடமும் கொடுத்தார். நீர் இரு முனைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கும் அல்லவா? அந்த மட்டத்திலிருந்து வடிகானின் அடிவரை இரு பக்கமும் அடிக்கோலால் அளக்கச் சொன்னார். மேல் முனையில் 31 அங்குலம், கீழ் முனையில் 30. நீர் ஓட வேண்டிய பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது. அளந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்; அளவை அவரே உரக்க வாசித்தார், அவரே காரணத்தையும் சொன்னார். ஒப்பந்தக்காரர் மறுவாரம் வந்து அந்தப் பகுதியை உடைத்துக் கட்டினார். அதற்குப் பின் அந்த ஒழுங்கையில் கொங்கிரீட் போடும் எந்த வேலையும் அந்தக் குழாய் இல்லாமல் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த உத்தியோகத்தர் அன்று கற்றுக்கொண்டது இன்னும் பெரிது என்று நினைக்கிறேன். அதன் பின் முறைப்பாட்டுக் கடிதத்தை அவர் வாசித்த விதமே மாறிவிட்டது.

இந்த முறை கொழும்புக்குப் புதிதன்று. 1970களின் இறுதியில் யுனிசெப் உதவியுடன் மாநகர சபை தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகளை அமைத்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் கீழ், தேசிய வீடமைப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் குடியிருப்புகளுக்கே சென்று, மக்களோடு அமர்ந்து, எந்த வீதி எந்த அகலம், எந்த வீடு எங்கே என்பதைச் சேர்ந்து திட்டமிட்டார்கள். சிறு நிர்மாண வேலைகளைத் தனியார் ஒப்பந்தக்காரருக்குப் பதிலாக அந்தச் சமூகத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் சமூக ஒப்பந்த முறையும் அக்காலத்தில்தான் இங்கே வேரூன்றியது. பின்னர் வேறு நாடுகளும் அதனைக் கற்றுச் சென்றன. இன்று வெளிநாட்டு வளவாளர் ஒருவர் வந்து நமக்கு அதையே படம் போட்டுக் காட்டும்போது, நம்மிடம் இருந்ததை நாமே மறந்துவிட்டோமே என்று மனம் நோகிறது.

பதில்
எழுதியவர்: முன்னாள் சபை உறுப்பினர்

நான் 2018ஆம் ஆண்டு பெப்ரவரித் தேர்தலின் பின் கட்சிப் பட்டியல் மூலம் ஒரு சபைக்குச் சென்றவள். அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டாக இருந்தது; 25 வீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த சட்டத்தின் பயனாக என்னைப் போன்ற பலர் ஒரே நாளில் உள்ளே வந்தோம். உடனே எங்களுக்குப் பயிற்சிகள் குவிந்தன. தலைமைத்துவம், மேடைப் பேச்சு, தன்னம்பிக்கை, ஊடகங்களை எதிர்கொள்ளல் எனத் தலைப்புகள் நீண்டன. எவரும் எங்களுக்குக் கணக்கு வாசிக்கக் கற்றுத் தரவில்லை. ஆண் உறுப்பினர்களுக்குக் கணக்கு ஏற்கனவே தெரியும் என்றும் எங்களுக்குத் தைரியம்தான் குறைவு என்றும் யாரோ முடிவு செய்திருந்தார்கள் போலும். எனக்குத் தைரியம் வேண்டிய அளவு இருந்தது. முதற்கூட்டத்தில் ‘குறைநிரப்பு மதிப்பீடு’ என்று ஒரு பிரேரணை வந்தபோது, அது ஆண்டு நடுவே மேலதிக நிதி ஒதுக்கக் கேட்பது என்று தெரியாமல் கையுயர்த்தினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

எனக்கு உண்மையில் கற்பித்தவர் சபையின் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு முதிய முகாமைத்துவ உதவியாளர். புதன்கிழமைகளில் மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் வீடு, காணி போன்ற ஆதனங்களுக்குச் சபை அறவிடும் சோலை வரியின் பதிவேட்டை என் முன் திறந்து வைப்பார். ஓர் ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதி எப்படி மதிப்பிடப்படுகிறது, அதில் எத்தனை வீதம் வரியாகிறது, ஜனவரி 31க்குள் முழு ஆண்டு வரியையும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு என்பது ஏன் பலருக்குத் தெரியாமல் போகிறது என்பதையெல்லாம் பக்கம் பக்கமாகக் காட்டினார். நிலுவையில் இருந்தவர்களின் பெயர்களைப் பார்த்தபோதுதான் எங்கள் சபைக்கு ஏன் பணமில்லை என்பது விளங்கியது. சிறு வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கட்டியிருந்தார்கள். ஆறு மாதங்களின் பின் நான் சபையில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தவிசாளர் கோப்பைத் திறக்க வேண்டியிருந்தது.

ஆகவே, சகோதரி, உங்கள் பெண்களுக்குச் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் தங்கள் வட்டாரத்துக்குரிய பக்கத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம். ஒரு வேலைக்கு ஒதுக்கிய தொகை, ஆண்டிறுதியில் செலவான தொகை, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆகியவையே போதும். சபைக் கூட்டம் நடக்கும் நாளில் பார்வையாளர் கூடத்தில் நால்வரை அமர்த்துங்கள். தம் வட்டாரத்தவர் மேலே இருந்து பார்க்கிறார்கள் என்றால் உறுப்பினர் ஆயத்தத்தோடு வருவார். இதை நான் கீழே இருந்து உணர்ந்தவள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். எங்கள் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. உத்தியோகத்தர்களுக்கோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இடமாற்றம். உறுப்பினரும் போய்விடுவார், உத்தியோகத்தரும் போய்விடுவார். தோட்டத்தில் இருப்பவர்கள் மாத்திரமே அங்கேயே இருப்பார்கள். கற்றதை எழுதி வைக்கும் ஒரு தடித்த குறிப்பேடு உங்கள் சங்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் என் நன்றி. பிளாஸ்திக் குழாயைப் பற்றி வாசித்தபோது எங்கள் ஒழுங்கையின் அந்த வடிகானே கண்முன் வந்தது. எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. எங்கள் பெண்களில் பாதிப் பேர் நாட்கூலிக்குச் செல்பவர்கள். காலையில் சந்தையிலும் வீடுகளிலும் வேலை. இரண்டாவது, வட்டாரத்துக்கு வரும் உத்தியோகத்தர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே. அவர் வராத நாளில் நாங்கள் சைகையால் பேச வேண்டியிருக்கிறது.

பதில்
எழுதியவர்: பயிற்றுநர், அவிசாவளை

முன்னே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒரு விடயத்தில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரையாடல் முழுமை பெறாது.

மக்களுக்குத் திறன் போதாது என்ற எண்ணத்திலிருந்து இத்தகைய திட்டங்கள் எல்லாம் தொடங்குகின்றன. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே வாழ்ந்த மக்களுக்கு அந்த மேட்டின் ஆபத்து தெரியாமல் இல்லை. பல ஆண்டுகள் வீதியில் இறங்கிக் கத்தினார்கள். கேட்கும் திறன் எந்தப் பக்கத்தில் குறைவாக இருந்தது என்பதை நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். எனவே ஒன்றரை ஆண்டுத் திட்டத்தில் உத்தியோகத்தர்களுக்கான பகுதி குறைந்தது பாதியாக இருக்க வேண்டும், அதற்குக் கற்பிப்பவர்கள் தோட்டத்துப் பெண்களாக இருக்க வேண்டும். எந்த மழைக்கு எந்த வீட்டுக்குள் முதலில் நீர் வருகிறது என்பது எந்த வரைபடத்திலும் இல்லாத அறிவு.

மலையகத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருந்தவரை, பெருந்தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் வாழ்ந்தவர்கள் சபைக்கு வாக்களிக்கலாம். ஆனால் அந்தச் சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட அந்தப் பிரிவு தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் அந்த மக்களுக்கு எத்தனை பயிற்சி கொடுத்திருந்தாலும் ஒரு பாதைக்குக் கல் விழுந்திராது. திறன் இல்லாமையும் அதிகாரம் இல்லாமையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

நாட்கூலி பற்றிச் சகோதரி எழுப்பிய தயக்கம் சிறியதன்று. வளவாளருக்குக் கொடுப்பனவு உண்டு, மண்டபத்துக்கு வாடகை உண்டு, அரை நாள் வேலையை இழந்து வரும் பெண்ணுக்கு ஒரு சோற்றுப் பொதி என்பது அநீதி. அளவெடுப்பதும், குறிப்பெழுதுவதும், கோப்பைப் பின்தொடர்வதும் உழைப்பு. மண்டபத்துக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே அவர்களுக்கான நாட்படியாக மாற்ற முடியுமா என்று நிதி வழங்குவோரிடம் எழுத்தில் கேளுங்கள். நான் இரண்டு முறை கேட்டேன்; ஒரு முறை மறுத்தார்கள், ஒரு முறை ஒப்புக்கொண்டார்கள். மேலும், வடிகானைத் துப்புரவு செய்வது வரி வாங்கும் சபையின் கடமை. ‘சமூகப் பங்களிப்பு’ என்ற பெயரில் மண்வெட்டி உங்கள் பெண்களின் கைக்கு வந்து சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்
எழுதியவர்: ஆய்வு மாணவர், வெள்ளவத்தை

அவிசாவளை அன்பர் சொன்ன அதிகாரம் பற்றிய கருத்துக்கு அண்டை நாட்டிலிருந்து ஒரு சான்று தருகிறேன். கேரளத்தில் 1996 ஓகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் திட்டமிடும் திறன் வந்த பின் நிதியைக் கொடுப்போம் என்று அரசு காத்திருக்கவில்லை. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு முதலில் ஒதுக்கப்பட்டது. கையில் பணம் வந்துவிட்டது, திட்டம் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கற்றல் தானாகவே அவசரமானது. திருச்சூருக்கு அருகிலுள்ள உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலா அப்பயிற்சிகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. மலையாளத்தில் கைந்நூல்கள் எழுதப்பட்டன. திட்டங்களைச் சரிபார்க்கப் பொறியியலாளர் போதாத நிலையில், ஓய்வுபெற்ற பொறியியலாளர்களையும் பிற நிபுணர்களையும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களாகத் திரட்டினார்கள்.

எங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பொறியியலாளர்களும், கணக்காளர்களும், நில அளவையாளர்களும் எத்தனையோ பேர் மாலையில் கடற்கரையோரம் நடக்கிறார்கள். ஒருவரையேனும் மாதமொரு ஞாயிறு உங்கள் தோட்டத்துக்கு வரச்சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் வருவார்கள் என்பது என் நம்பிக்கை. கேட்பவர்தான் இதுவரை இருக்கவில்லை.

பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர், தெஹிவளை

அவிசாவளை அன்பர் கூறியதில் மண்வெட்டி பற்றிய எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். நான் அதைச் சொல்லாமல் விட்டது என் குறை. அதிகாரத்தைப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கொழும்பில் வாழ்பவருக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லாத நிலை இல்லை. சட்டம் கொடுத்ததை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கமே இல்லை. மொழிப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. ‘சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று ஒரு கருமபீடத்தில் சொன்னால், சண்டையிடாமல், அதையே எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள், கடிதத்தைப் பெற்றுக்கொள்வார்கள். மறுக்கவே செய்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

பயிற்சிக்கு மிகச் சிறந்த பாடநூல் ஒன்றும் சட்டப் புத்தகத்திலேயே உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழில் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உங்கள் ஒழுங்கை வடிகானின் மதிப்பீட்டறிக்கைப் பிரதியைக் கேட்டு, ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பத்தை எழுதட்டும். ‘வடிகான் பற்றிய தகவல்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. ஒழுங்கையின் பெயர், வேலை நடந்த ஆண்டு, வேண்டிய ஆவணத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தை மூன்று முறை திருத்தி எழுதுவார்கள். இரண்டாவதை உங்கள் உதவியில்லாமல் எழுதுவார்கள். மூன்றாவதை அடுத்த தோட்டத்துக்காரருக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். கற்றது நிலைத்ததா என்று எதைக் கொண்டு அறிவது எனக் கேட்டிருந்தீர்கள். நிதி வழங்குவோருக்கான அறிக்கையில் எத்தனை பேர் பங்குபற்றினார்கள் என்பதற்குப் பதிலாக, உங்கள் உதவியின்றி எழுதப்பட்ட கடிதங்களின் தொகையைக் குறிப்பிடுங்கள்.

கொழும்பின் மகளிர் வங்கி வளர்ந்த விதமும் இதுவே. 1989 முதல், தோட்டத்துப் பெண்கள் சிறு குழுக்களாக வாரந்தோறும் சேமித்து, கணக்குப் புத்தகத்தைத் தாங்களே எழுதி, பழைய குழு புதிய குழுவுக்குக் கற்றுக்கொடுத்தே அது பரவியது. உங்கள் பகுதியில் அதன் உறுப்பினர் எவராவது இருந்தால் முதலில் அவரைப் போய்ச் சந்தியுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை சங்கக் கூட்டத்தில் இந்த உரையாடல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மூன்று செயலமர்வுகளையும் கைவிடுவதாக முடிவு செய்துள்ளோம். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகள், நான்கு மணி முதல் ஆறு மணிவரை, ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டத்தில் ஒரு வேலை என்று மாற்றியிருக்கிறோம். வருபவர்களுக்கு நாட்படி வழங்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை வருவது அவருடைய கடமையன்று, இருந்தும் முதல் மாலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற இரு உத்தியோகத்தர்களுக்காக, எங்கள் பெண்களில் சிங்களம் நன்றாகப் பேசும் மூவர் முறைவைத்து மொழிபெயர்ப்பார்கள். அவர்களுக்கும் படி உண்டு. எவருடைய தொண்டையும் கட்டாத வகையில் அரை மணிக்கொரு முறை மாறிக்கொள்வார்கள்.

தோட்டத்தை வரையத் தொடங்கிவிட்டோம். இதுவரை 17 கேள்விக்குறிகள். எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர், சந்தியில் உள்ள பொதுக் குழாய் முன்பு இருந்த இடத்தையும் அது எந்த ஆண்டில் நகர்த்தப்பட்டது என்பதையும் நினைவிலிருந்தே குறித்தார்.

நாளை பழைய சோனகத் தெருவுக்கு இரும்புக் கடைக்குச் செல்கிறேன். எங்கள் ஒழுங்கை ஏறத்தாழ நூறடி நீளம். தெஹிவளை ஐயாவிடம் ஒரு சிறு கேள்வி: எத்தனை அடிக் குழாய் வாங்க வேண்டும்?

பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர், தெஹிவளை

ஐம்பது அடி போதும், மகளே. ஒழுங்கையை மூன்று துண்டாகப் பிரித்து அளந்து, ஒவ்வொரு துண்டின் வித்தியாசத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். நீரில் சிறிது நீலச் சொட்டு கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். வெயிலில் சூடேறிய குழாயில் குமிழி ஒளிந்திருக்கும். அளப்பதற்கு முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். நிற்காவிட்டால் நீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையின் திகதியை இங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன்.